தமிழில் ஓர் இளையர் நாவல் எழுதுவது எப்படி? சிங்கப்பூர்ப் பிள்ளைகளின் நட்பையும் அடையாளத்தையும் எழுத முழுமையான வழிகாட்டி

நூலகத்தின் தமிழ்ப் பகுதிக்கு 13 வயதுப் பிள்ளை ஒன்று தானாகவே போய் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கம் சிறுவர் கதைகள். அவற்றை அது தொடக்கப்பள்ளியிலேயே தாண்டிவிட்டது. மறுபக்கம் பெரியவர்களுக்கான நாவல்கள், குடும்பம், கடன், பிரிவு, அரசியல் என்று முந்நூறு நானூறு பக்கங்களுக்கு. தன் வயதில், தன் ஊரில், தன்னைப்போல் பள்ளிப்பையோடு எம்ஆர்டி ரயிலில் நிற்கும் ஒருத்தியின் கதை தமிழில் கையில் அகப்படுவது அபூர்வம். பிள்ளை ஆங்கிலப் பகுதிக்குப் போய்விடும், அங்கே அதன் வயதுக்கென்றே அலமாரிகள் இருக்கின்றன. சிங்கப்பூரின் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசுவது தமிழ் என்று சொன்னவர்கள் 2.5 விழுக்காடு, ஆங்கிலம் என்று சொன்னவர்கள் 48.3 விழுக்காடு. அந்த 2.5க்குள் இருக்கிற பிள்ளைக்கும் கதை வேண்டும், வெளியே இருந்து வாரத்தில் சில மணி நேரம் மட்டும் தமிழைத் தொடுகிற பிள்ளைக்கும் வேண்டும்.

அப்படி ஒரு நாவலை எழுத நினைக்கிறவர்களுக்குத்தான் இது. நீங்கள் தமிழாசிரியராக இருக்கலாம், பெற்றோராக இருக்கலாம், தொடக்கக்கல்லூரியில் படிக்கிற பிள்ளையாகவே இருக்கலாம். நான் சொல்ல வருவது அடிப்படையில் ஒன்றுதான்: நட்பையே கதையாக வையுங்கள். அடையாளம், தன்னைத் தானே ஏற்றுக்கொள்வது எல்லாம் அந்த நட்புக்குள் நடக்கிற செயல்களாக வரட்டும். யாராவது ஒரு பெரியவர் உட்கார வைத்து விளக்கிச் சொல்கிற இடத்தில் பிள்ளை புத்தகத்தை மூடிவிடும், அதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

படி 1: யாருக்கு எழுதுகிறோம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

"இளையர்களுக்கு" என்று பொதுவாகச் சொல்வது போதாது. உயர்நிலை ஒன்றில் இருக்கிற பிள்ளைக்கும் உயர்நிலை நான்கில் இருக்கிற பிள்ளைக்கும் நடுவில் ஒரு முழு வாழ்க்கை ஓடியிருக்கிறது. 13, 14 வயதுக்காரர்களுக்கு யார் பக்கத்தில் உட்காருவது என்பதே பெரிய கேள்வி. 16 வயதில் அடுத்து எங்கே, தொடக்கக்கல்லூரியா, பலதுறைத் தொழிற்கல்லூரியா, தொழில்நுட்பக் கல்விக் கழகமா என்பது தலைக்கு மேல் தொங்குகிறது. நான் 14ஐத்தான் பரிந்துரைப்பேன், அதாவது உயர்நிலை இரண்டு. புதுப் பள்ளியின் பயம் போய்விட்ட வருடம், கூட்டங்கள் உருவாகி இறுகிப்போன வருடம், ஆண்டு முடிவில் மேல்வகுப்புக்கான பாடங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டிய வருடம். நட்பு உடைவதற்கு இதைவிடப் பொருத்தமான வயது இல்லை.

நீளம் 20,000 முதல் 25,000 சொற்களுக்குள் இருக்கட்டும். ஆங்கிலத்தில் இந்த வகை நாவல்கள் இதைப்போல் இரண்டு மூன்று மடங்கு போகும்தான். ஆனால் தமிழில் மெதுவாகப் படிக்கிற பிள்ளைக்கு, "ஒரு நாவலை முழுசாகப் படித்துவிட்டேன்" என்ற உணர்வு கிடைக்க வேண்டும். அத்தியாயம் ஒவ்வொன்றும் 1,000 சொல், மிஞ்சினால் 1,300 சொல்.

படி 2: நட்பைக் கட்டுங்கள், அதற்கு ஓர் இடம் கொடுங்கள்

இங்கிருந்து கடைசிவரை ஒரே உதாரணத்தை வைத்துப் பேசுகிறேன், அப்போதுதான் விஷயம் கைக்குள் நிற்கும்.

சஹானா, மதுமிதா. இரண்டு பேருக்கும் 14 வயது, வடக்கில் ஒரே உயர்நிலைப்பள்ளி, வேறு வேறு வகுப்பு. சஹானா இங்கேயே பிறந்து வளர்ந்தவள், தாத்தா செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர், வீட்டில் ஆங்கிலம்தான். மதுமிதா ஒன்பது வயதில் திருச்சியிலிருந்து குடும்பத்தோடு வந்தவள், தமிழ் சரளமாக வரும், ஆங்கிலத்தில் ஊர் வாடை அடிக்கும். அவர்கள் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லை. அதனால் பள்ளி முடிந்ததும் இரண்டு பேரும் பீட்டி ரோட்டில் இருக்கிற உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்துக்குப் போக வேண்டும்.

அந்த நிலையத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பல பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள், ஒரே வகுப்பறையில் பல நிறச் சீருடைகள், யார் எந்தப் பள்ளி என்பது உட்காரும்போதே தெரிந்துவிடும். 1982இல் மூடப்பட்ட தமிழ் உயர்நிலைப்பள்ளி ஒன்றின் பெயரைத் தாங்கிய இடம் அது. நாவலுக்கு இப்படி ஒரு களம் கையில் இருக்கும்போது எதற்கு ஏதோ ஒரு கற்பனைப் பள்ளியின் மொட்டை மாடி?

அங்கே போகிற ரயில் பயணம்தான் நட்பின் இடம். யீஷூனில் ஏறி, டோபி காட்டில் வடகிழக்குப் பாதைக்கு மாறி, ஃபேரர் பார்க்கில் இறங்க வேண்டும். முக்கால் மணி நேரம் போல் ஆகும், திரும்பி வரவும் அவ்வளவே. அந்த ரயிலில் பள்ளித் தோழர்கள் யாரும் இல்லை. அங்கே சஹானா சிரிக்கிறாள், தெரியாத தமிழ்ச் சொல்லைக் கேட்கிறாள், மதுமிதாவின் நோட்டில் இருக்கிற படங்களைப் பார்க்கிறாள். ஆனால் மறுநாள் கேன்டீனில் மதுமிதா எதிரே வந்தால் சஹானா தலையை லேசாக அசைத்துவிட்டுத் தன் கூட்டத்தோடு போய்விடுகிறாள். ரயிலில் தோழி, பள்ளியில் தெரிந்த முகம், அவ்வளவுதான். இந்த ஒரு நிலைமையை எழுதிவிட்டால் நாவலின் பாதி வேலை முடிந்தது, ஏனென்றால் இது எவ்வளவு நாள் தாங்கும் என்று படிக்கிற பிள்ளைக்கே பதறத் தொடங்கிவிடும்.

உங்கள் கதையில் இடம் வேறாக இருக்கலாம். புளோக்கின் கீழ்த்தளம், இணைப்பாட நடவடிக்கைக்குப் போகிற பேருந்து, தேக்கா உணவங்காடியில் அம்மாவின் கடைக்குப் பின்னால் இருக்கிற நாற்காலி, எதுவாக இருந்தாலும் சரி. கேட்டுக்கொள்ள வேண்டியது இதுதான்: இவர்கள் எங்கே நண்பர்களாக இருக்கிறார்கள், எங்கே இருக்க முடியவில்லை? இந்த இரண்டு இடங்களுக்கும் பெயர் எழுதி வைத்துவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

இன்னொன்று. இரண்டு பேருக்கும் சொந்தமாக ஆசை இருக்க வேண்டும். மதுமிதா வெறுமனே சஹானாவுக்குப் பாடம் கற்பிக்க வந்தவளாக இருந்தால் அது நட்பு இல்லை. மதுமிதாவுக்கு என்ன வேண்டும்? எல்லாப் பேச்சுப்போட்டிக்கும் சொற்போருக்கும் "நீதான் நல்லா பேசுவியே" என்று ஆசிரியர்கள் அவளையே அனுப்புகிறார்கள், அவளுக்கு அலுத்துவிட்டது. அவளுக்குப் படக்கதை வரைய வேண்டும். நல்ல தமிழ் பேசுகிற பிள்ளை என்ற முத்திரையும் ஒரு கூண்டுதான் என்பதை இங்கே பலர் எழுதுவதில்லை, நீங்கள் எழுதுங்கள்.

படி 3: "நான் யார்" என்று கேட்க வைக்காதீர்கள், எதை மறைக்கிறாள் என்று காட்டுங்கள்

14 வயதுப் பிள்ளை கண்ணாடி முன் நின்று தத்துவம் பேசாது. ஆனால் மறைக்கும். நாள் முழுவதும் எதையாவது மறைத்துக்கொண்டே இருக்கும். அதனால் ஒரு தாளை எடுத்து உங்கள் பாத்திரம் நடமாடுகிற இடங்களை எழுதுங்கள்: வீடு, வகுப்பறை, கேன்டீன், தமிழ் வகுப்பு, பாட்டி வீடு, கைத்தொலைபேசியின் குழு அரட்டை. ஒவ்வோர் இடத்திலும் அவள் பெயர் என்ன, எந்த மொழியில் பேசுகிறாள், எதைச் சொல்லாமல் விடுகிறாள் என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

சஹானாவுக்கு இப்படி வரும். வீட்டில் "பாப்பா". பள்ளியில் "ஹானா", அப்படிச் சுருக்கியது அவளே. பாட்டி தொலைபேசியில் அழைத்தால் ரயிலில் எடுக்க மாட்டாள், வீட்டுக்குப் போய்க் கூப்பிடுவாள், ஏனென்றால் பாட்டியோடு தமிழில்தான் பேச வேண்டும், தன் தமிழ் தப்பும் தவறுமாக இருப்பது அவளுக்குக் கூச்சம். மதுமிதாவுக்கு வேறு பட்டியல். வகுப்பில் ஆங்கிலத்தில் கேள்வி கேட்கக் கை தூக்க மாட்டாள், தலைக்கு எண்ணெய் வைப்பதைப் பள்ளி நாள்களில் நிறுத்திவிட்டாள், அம்மாவிடம் காரணம் சொல்லவில்லை. ஒருத்தி வெட்கப்படுவது எதுவோ அதில் மற்றவள் கெட்டிக்காரி. நட்பு அங்கேதான் பிடிக்கிறது, பொறாமையும் அங்கேதான் பிடிக்கும்.

இங்கே உள்ளூர்த் தமிழர், புதிதாக வந்த தமிழர் என்ற இடைவெளியைப் பற்றி நேராகவே பேச வேண்டும். பெரியவர்கள் இதை மேடையில் பேசமாட்டார்கள், பிள்ளைகளோ தினமும் அதில்தான் வாழ்கிறார்கள். ஒரு பக்கம் "இவங்க வந்து எல்லாப் பரிசையும் வாங்கிடுறாங்க", மறுபக்கம் "இவங்களுக்குத் தமிழே தெரியாது". இரண்டையும் அந்தந்தப் பிள்ளையின் வாயில் நியாயமாகவே ஒலிக்க விடுங்கள். யார் சரி என்று தீர்ப்பு எழுதினால் பாதி வாசகர்களை அங்கேயே இழப்பீர்கள்.

அப்புறம் படிப்பு நிலை. உங்கள் கதை எந்த ஆண்டில் நடக்கிறது என்று கட்டாயம் முடிவு செய்யுங்கள். 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களிலிருந்து விரைவுநிலை, வழக்கநிலை என்று மதிப்பெண்ணை வைத்துப் பிரித்த பழைய பிரிவுகள் கிடையாது. எல்லாரும் கலந்த வகுப்பில் இருந்துகொண்டு, ஒவ்வொரு பாடத்தையும் ஜி1, ஜி2, ஜி3 என்ற நிலையில் படிக்கிறார்கள். நாம் படித்த காலத்து நினைவில் "அவன் வழக்கநிலை" என்று எழுதிவிட்டால் இன்றைய பிள்ளை முதல் பக்கத்திலேயே சிரித்துவிடும். ஆனால் முத்திரை போய்விட்டதா என்றால், கணித நேரத்தில் பக்கத்தில் இருந்தவள் பையை எடுத்துக்கொண்டு வேறு அறைக்கு நடக்கிறாள் அல்லவா, அந்தச் சில வினாடி நடையை எழுதுங்கள்.

படி 4: கதையைப் பள்ளி நாள்காட்டியில் மாட்டுங்கள்

இளையர் நாவலுக்குக் கதைப்பின்னல் கிடைக்கவில்லை என்று தவிக்கிறவர்களுக்கு என் பதில் இதுதான். கல்வியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது, நான்கு தவணைகள், மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஒரு வாரம், ஜூனில் நான்கு வாரம் விடுமுறை, நவம்பர் பாதிக்கு மேல் ஆண்டு முடிவு விடுமுறை. இதற்குள்ளேயே ஏற்ற இறக்கம் இருக்கிறது. எங்கள் உதாரணத்துக்கு நான் இப்படிப் போடுவேன்.

முதல் தவணை: ரயிலில் பழக்கம் தொடங்குகிறது. பொங்கலும் தைப்பூசமும் இந்தத் தவணையில்தான் வரும், இரண்டும் இங்கே பொது விடுமுறை இல்லை; தைப்பூசம் 1968இல் பொது விடுமுறைப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. மதுமிதாவின் அப்பா காவடி எடுக்கிறார், அவள் டேங்க் ரோடு கோயிலில் இரவு முழுக்க விழித்திருந்துவிட்டு வகுப்பில் தூங்குகிறாள், ஏன் என்று வகுப்புத் தோழர்களிடம் சொல்லவில்லை. சஹானாவுக்கு மட்டும் தெரியும். இந்த ஒரு ரகசியம் போதும் அவர்களை நெருங்க வைக்க.

இரண்டாம் தவணை: ஏப்ரலில் தமிழ் மொழி விழா, போட்டிகள், மதுமிதாவை மறுபடியும் மேடைக்குத் தள்ளுகிறார்கள். ஜூன் விடுமுறையில் அவள் திருச்சிக்குப் போய்விடுகிறாள், நான்கு வாரம் இடைவெளி, அந்த நேரத்தில் சஹானா பள்ளிக் கூட்டத்தோடு இன்னும் ஒட்டிக்கொள்கிறாள். மூன்றாம் தவணையில் உடைகிறது. நான்காம் தவணையில் தீபாவளி விளக்குகள் சிராங்கூன் ரோட்டில் எரிந்துகொண்டிருக்க, ஆண்டு இறுதித் தேர்வும் அடுத்த ஆண்டுப் பாடங்களைத் தேர்ந்தெடுப்பதும் கழுத்தைப் பிடிக்க, அவர்கள் பேசிக்கொள்ளாமலே ஒரே ரயிலில் வேறு வேறு பெட்டியில் பயணம் செய்கிறார்கள்.

அரையாண்டுத் தேர்வை மட்டும் தயவுசெய்து வைக்காதீர்கள், 2023 முதல் எந்த வகுப்பிலும் அது இல்லை. கைத்தொலைபேசியையும் கவனியுங்கள். 2026 ஜனவரியிலிருந்து உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் பள்ளி நேரத்தில், இடைவேளை உட்பட, திறன்பேசியைப் பயன்படுத்த முடியாது. அதனால் இன்றைய கதையில் இடைவேளையில் குறுஞ்செய்தி பறக்காது. எழுதுகிறவருக்கு இது நல்லதே, ஏனென்றால் நேருக்கு நேர் பார்க்க வேண்டிய கட்டாயம் வருகிறது. குழு அரட்டையில் நடப்பதெல்லாம் மாலைக்கு மேல் தள்ளிப்போகிறது, அதுவரை ஒரு பிள்ளை வயிற்றில் பாரத்தோடு காத்திருக்க வேண்டும்.

படி 5: மொழி. இங்கேதான் பெரும்பாலான கைப்பிரதிகள் விழுகின்றன

சிங்கப்பூரில் 14 வயதுத் தமிழ்ப் பிள்ளைகள் தங்களுக்குள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பேசுகிறார்கள், நடுவில் கொஞ்சம் தமிழ், கொஞ்சம் மலாய், வாக்கியத்தின் முடிவில் ஒரு "லா". நீங்கள் எழுதுவதோ தமிழ் நாவல். என்ன செய்வது? சென்னைத் திரைப்படப் பேச்சை அப்படியே வைப்பவர்கள் இருக்கிறார்கள், "மச்சி, செம்ம டா" என்று. பாடநூல் தமிழை வாயில் திணிப்பவர்களும் இருக்கிறார்கள், "தோழியே, நீ ஏன் வருந்துகிறாய்" என்று. இரண்டும் பொய் என்று பிள்ளைக்கு ஒரே வரியில் தெரிந்துவிடும்.

நான் சொல்கிற வழி: கதை சொல்லும் குரல் எளிமையான எழுத்துத் தமிழில் இருக்கட்டும், சின்ன வாக்கியங்கள், தினமும் காதில் விழுகிற சொற்கள். தமிழில் நடக்கிற உரையாடலைப் பேச்சுத் தமிழில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் நடக்கிற உரையாடலை எளிய, நிறமில்லாத தமிழில் எழுதிவிட்டு, அது ஆங்கிலம் என்பதைத் தேவைப்படுகிற இடத்தில் மட்டும் ஒரு வார்த்தையில் சொல்லுங்கள். ஒவ்வொரு வரிக்கும் "என்றாள் ஆங்கிலத்தில்" வேண்டாம். இப்படிப் பிரித்துவிட்டால் மொழி மாறுகிற கணம் தானாகவே கதையில் ஒரு சம்பவமாகிவிடும். கேன்டீனில் நடுங்காமல் ஒரு தமிழ் வாக்கியம் விழுந்தால் வாசகர் நிமிர்ந்து உட்காருவார்.

ரயிலில் நடக்கிற பேச்சு ஒன்றைப் பாருங்கள்.

"ஏன் இவ்ளோ மெதுவாப் பேசுற?"
"யாராச்சும் கேப்பாங்க லா."
"கேட்டா?"
சஹானாவுக்குப் பதில் தெரியவில்லை. ரயிலில் ஒலிக்கிற பாதுகாப்பு அறிவிப்பு நான்கு மொழிகளிலும் முடிகிறவரை அவள் வாயைத் திறக்கவில்லை.

இதில் யாரும் எதையும் விளக்கவில்லை. ரயில் அறிவிப்பே பொதுவெளியில் கூச்சப்படாமல் தமிழ் பேசுகிறது, அந்தப் பிள்ளை பேசவில்லை. இதை நீங்கள் மேலும் ஒரு வாக்கியம் எழுதி விளக்க வேண்டியதே இல்லை, விட்டுவிடுங்கள்.

விளிப்புகளையும் சரியாகக் கேட்டு எழுதுங்கள். கீழ்வீட்டுக்காரர் "அங்கிள்", "ஆன்ட்டி". சாப்பாட்டுக் கடையில் "அண்ணே", "அக்கா". தமிழாசிரியரை "சார்", "டீச்சர்" என்கிறார்கள். மதுமிதா வீட்டில் அப்பாவை "நீங்க" என்பாள், சஹானா தன் அப்பாவை "நீ" என்றே சொல்லிப் பழகியிருக்கலாம், மதுமிதாவின் அம்மா அதைக் கேட்டு முகம் சுளிப்பதும் ஒரு நல்ல காட்சி. "மைலோ பெங்" வேண்டும் என்றால் அப்படியே எழுதுங்கள், குளிர்ந்த மால்ட் பானம் என்று யாரும் கேட்டு வாங்குவதில்லை. அடிக்குறிப்பும் வேண்டாம், தமிழ்நாட்டு வாசகர் சூழலை வைத்தே புரிந்துகொள்வார்.

முன்னோர்கள் இதை எப்படிக் கையாண்டார்கள் என்று பார்க்க ஆசை இருந்தால், 1965 முதல் 2015 வரையிலான சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களை மின்னாக்கம் செய்து தேசிய நூலக வாரியத்திடம் ஒப்படைத்த தமிழ் மின்மரபுடைமைத் திட்டம் இருக்கிறது. உட்கார்ந்து வெறும் உரையாடல்களை மட்டும் படியுங்கள். காலத்துக்குக் காலம் இந்த ஊர்த் தமிழ் வாயில் எப்படி மாறியது என்று காதிலேயே விழும்.

படி 6: நட்பு உடைகிற காட்சியைச் சின்னதாக எழுதுங்கள்

பெரிய துரோகம் தேவையில்லை. சஹானாவின் கூட்டத்தில் ரிஷி என்று ஒரு பையன், அவனும் தமிழ்ப் பிள்ளைதான். கேன்டீனில் மதுமிதா சாப்பாடு வாங்கும்போது ஆங்கிலத்தில் ஏதோ கேட்கிறாள், ரிஷி அந்த உச்சரிப்பை அப்படியே செய்துகாட்டுகிறான். எல்லாரும் சிரிக்கிறார்கள். சஹானாவும் சிரிக்கிறாள். மதுமிதா தட்டோடு திரும்புகிறாள்.

கேலி செய்கிறவனை வேற்று இனப் பிள்ளையாக வைப்பது சுலபம், அதனால்தான் வேண்டாம் என்கிறேன். ரிஷியும் தமிழனாக இருக்கும்போது, அவன் யாரிடமிருந்து தன்னைத் தள்ளி நிறுத்திக்கொள்ளப் பார்க்கிறான் என்ற கேள்வி எழுகிறது. அவனுக்கும் ஒரு பக்கம் கொடுங்கள், அவன் அம்மா வீட்டில் அவனிடம் தமிழில் பேசினால் அவன் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற ஓர் இரவு. கூட்டத்தில் இருக்கிற சீன, மலாய்த் தோழர்களை வெறும் அலங்காரமாக நிறுத்தாதீர்கள். அன்று சிரிக்காமல் இருந்த ஒரே ஆள் இர்ஃபானாக இருக்கலாம், அவன் பிறகு சஹானாவிடம் எதுவும் சொல்லாமல் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடலாம்.

இதற்குப் பிறகு பெரியவர்களை உள்ளே விடாதீர்கள். ஆசிரியர் கூப்பிட்டுக் கைகுலுக்க வைப்பது, அம்மா கட்டிலில் உட்கார்ந்து அறிவுரை சொல்வது, தாத்தா பழைய கதை சொல்லி வழிகாட்டுவது எல்லாவற்றையும் வெட்டுங்கள். நம் எழுத்தில் இந்த வழக்கம் ஆழமாக இருக்கிறது, நாம் பிள்ளைகளை நேசிக்கிறோம், அதனால் காப்பாற்ற ஓடுகிறோம். ஆனால் பிள்ளை தானே தடுமாறி வெளியே வருகிறதைப் பார்க்கத்தான் இன்னொரு பிள்ளை படிக்கிறது. பெரியவர்கள் கதையில் இருக்கட்டும், அவர்களுக்கும் கவலை இருக்கட்டும். மதுமிதாவின் அம்மா ஊரில் பள்ளி ஆசிரியை, இங்கே வீட்டில் இருக்கிறார், மகளின் பரிசுக் கோப்பைகளைத் துடைத்துத் துடைத்து வைக்கிறார். மகள் போட்டிக்குப் போகமாட்டேன் என்றால் அது அவருக்கு எவ்வளவு பெரிய இழப்பு என்பது அந்தத் துடைப்பதிலேயே தெரிந்துவிடும்.

மன்னிப்பும் சுலபமாகக் கிடைக்கக் கூடாது. சஹானா முதலில் மன்னிப்பைக் குறுஞ்செய்தியில் அனுப்புவாள், ஆங்கிலத்தில், ஒரு முகக்குறியோடு. மதுமிதா பார்த்துவிட்டாள் என்று நீலக்குறி காட்டும், பதில் வராது. அடுத்து ரயிலில் பக்கத்தில் போய் நிற்பாள், மதுமிதா அடுத்த நிலையத்தில் இறங்கிப் பின்னால் வருகிற ரயிலில் ஏறிக்கொள்வாள். மூன்று நான்கு அத்தியாயங்கள் இப்படி ஓடட்டும்.

படி 7: தன்னை ஏற்றுக்கொள்வதை ஒரு செயலாக்குங்கள்

"நான் நானாக இருக்கிறேன்" என்ற பேச்சை எழுதினால் நாவல் அங்கே செத்துவிடும். மூன்றாம் படியில் எழுதி வைத்த பட்டியலை மறுபடி எடுங்கள். எதை மறைத்தாள்? அதை எல்லாரும் பார்க்க ஒருமுறை செய்கிறாள், கை நடுங்க, அரைகுறையாக. சஹானா கூட்டமான ரயிலில் பாட்டியின் அழைப்பை எடுக்கிறாள், தப்புத் தமிழில், குரலைத் தாழ்த்தாமல். அதை மதுமிதா பார்க்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை. பார்க்காமல் இருந்தால் இன்னும் நல்லது, அப்போதுதான் அது மன்னிப்புக்காகச் செய்ததாக இருக்காது.

மதுமிதாவின் செயல் வேறு. பேச்சுப்போட்டிக்குப் பெயர் கொடுக்கச் சொல்கிற ஆசிரியரிடம் "இந்த வருஷம் வேணாம் சார்" என்கிறாள். அவ்வளவுதான், அந்த நாலு வார்த்தைக்கு ஓர் அத்தியாயம் கொடுங்கள். அவள் தன் படக்கதையைத் தமிழிலா ஆங்கிலத்திலா எழுதுகிறாள் என்பதை அவளே முடிவு செய்யட்டும், நம் மொழிப்பற்றுக்காக அவள் கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். தமிழ் நாவலில் ஒரு பிள்ளை ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுக்கலாம். அதற்கு இடம் கொடுக்கிற நாவலைத்தான் அந்தப் பிள்ளை நம்பும்.

நட்பு பழையபடி ஆக வேண்டுமா? என் விருப்பம், முழுதாக ஆகக் கூடாது. கடைசி அத்தியாயத்தில் அவர்கள் கேன்டீனில் ஒரே மேசையில் உட்காரலாம், பேச்சு இன்னும் தட்டுத்தடுமாறலாம்.

படி 8: பாரமான விஷயங்கள்

நிறம், உடல், மனச்சோர்வு, வீட்டுச் சண்டை எல்லாம் இந்த வயதில் இருக்கிறது, எழுதத்தான் வேண்டும். கதைக்குத் தேவையானால் மட்டும், சுவைக்காக இல்லை. தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வதை எழுத நேர்ந்தால் முறையை, கருவியை, அளவை விவரிக்காதீர்கள். அதற்கு முன்னும் பின்னும் அந்தப் பிள்ளை யாரிடம் பேச முடிந்தது என்பதை எழுதுங்கள். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் மனம் உடைந்தவர்களுக்கு உதவுகிற சிங்கப்பூர் அபயக்கரம் (Samaritans of Singapore) அமைப்பின் 24 மணி நேர எண் 1767ஐப் போடுங்கள். படிக்கிறவர்களில் ஒருவருக்காவது அது தேவைப்படலாம்.

படி 9: எழுதி முடியுங்கள், பிறகு பிள்ளைகளிடம் கொடுங்கள்

முதல் பிரதியைத் திருத்திக்கொண்டே எழுதாதீர்கள். வாரத்துக்கு ஓர் அத்தியாயம் என்று வைத்தால் 20 அத்தியாயங்கள் ஐந்து மாதத்தில் முடிந்துவிடும்.

அதன் பிறகு பெரியவர்களிடம் காட்டும் முன் 13 முதல் 16 வயதுவரை உள்ள சிலரிடம் கொடுங்கள், பெற்றோரிடம் கேட்டுவிட்டு. தமிழில் கெட்டிக்காரர்களிடம் மட்டும் கொடுத்தால் பயனில்லை, தடுமாறிப் படிக்கிற ஒருவராவது வேண்டும். "பிடித்ததா?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்பார்கள், மரியாதைக்காக. எந்தப் பக்கத்தில் கீழே வைத்தாய், எந்தச் சொல்லைத் தாண்டிப் போனாய், யார் பேசுகிறது போலி என்று கேளுங்கள். ஒரு பென்சிலைக் கொடுத்து, "இப்படி யாரும் பேசமாட்டாங்க" என்று தோன்றுகிற வரியின் கீழ் கோடு போடச் சொல்லுங்கள். அந்தக் கோடுகளை எதிர்த்து வாதாடாதீர்கள், மாற்றுங்கள்.

திருத்தும்போது முதலில் தேட வேண்டியது ஆசிரியராகிய உங்கள் குரல். "வாழ்க்கை என்பது", "உண்மையான நட்பு என்றால்" என்று தொடங்குகிற வாக்கியங்களை எல்லாம் எடுத்துவிடுங்கள். பெரும்பாலும் அத்தியாயத்தின் கடைசிப் பத்தியில் ஒளிந்திருக்கும். அந்தப் பத்தியை முழுதாக நீக்கிப் பாருங்கள், அத்தியாயம் அதற்கு முன்னாலேயே முடிந்திருக்கும்.

படி 10: வெளியே கொண்டுவருவது

முழு நாவலுக்கு முன் ஒரு துண்டைச் சோதித்துப் பார்க்கலாம். கேன்டீன் காட்சியைத் தனிச் சிறுகதையாக மாற்றினால் தமிழ் முரசுக்கு அனுப்பலாம், தங்கமுனை விருதுப் போட்டியின் தமிழ்ச் சிறுகதைப் பிரிவுக்கும் அனுப்பலாம், அப்போதைய விதிகளைப் படித்துவிட்டு. 1976இல் தொடங்கிய சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் கழகத்தின் கூட்டங்களுக்குப் போனால் எழுதுகிறவர்களின் பழக்கம் கிடைக்கும். செம்மைப்படுத்தவும் அச்சிடவும் ஆகிற செலவுக்குத் தேசியக் கலைகள் மன்றத்தின் மானியத் திட்டங்களைப் பாருங்கள். விண்ணப்பத்தில் யாருக்கான நூல், எந்த வயது, எத்தனை பிள்ளைகள் படித்துப் பார்த்தார்கள் என்று தெளிவாக எழுதினால் உங்களுக்கே உங்கள் நூல் பிடிபடும்.

சொந்தமாக வெளியிட்டால் நூலுக்கான சர்வதேச எண்ணைத் தேசிய நூலக வாரியத்திடம் பெறலாம். நூல் வெளியான 4 வாரத்துக்குள் 2 பிரதிகளை வாரியத்திடம் ஒப்படைப்பது சட்டப்படி பதிப்பாளரின் கடமை, சொந்த வெளியீட்டில் பதிப்பாளர் நீங்கள்தான். எழுத்தளவைக் கொஞ்சம் பெரிதாக வையுங்கள், வரிகளுக்கு நடுவே இடம் விடுங்கள், அட்டையில் மயிலும் கோலமும் வேண்டாம், ஒரு 14 வயதுப் பிள்ளை பள்ளிக்குக் கூச்சப்படாமல் எடுத்துப் போகிற அட்டையாக இருக்கட்டும். வரைகிற பிள்ளை யாராவது தெரிந்தால் அட்டையை அவர்களிடமே கொடுத்துக் கூலியும் கொடுங்கள். வெளியீட்டை ஏப்ரல் தமிழ் மொழி விழாவை ஒட்டி வைக்க நினைத்தால் கைப்பிரதி முந்தைய ஆண்டு செப்டம்பருக்குள் தயாராக வேண்டும், ஏனென்றால் நவம்பர் பாதியிலிருந்து டிசம்பர்வரை பள்ளிகளில் யாரும் இருக்கமாட்டார்கள், ஜனவரியில் தமிழாசிரியர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது, பள்ளிக்கு வந்து வாசிக்கலாமா என்று கேட்டு எழுத அக்டோபர்தான் சரியான மாதம்.